புதிய கருவி வெளியாகும்போது ஆர்வத்தையும் ஐயத்தையும் பயன்படுத்தும் முறை

ஒரு புதிய கருவி அறிவிக்கப்படும் நாளில் பெரும்பாலோர் இரண்டு பக்கங்களில் ஒன்றின்மேல் சாய்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு அறிமுக நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே முன்பதிவு செய்யக் கை பரபரக்கிறது. வேறு சிலர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், இது விளம்பரக் கூச்சல் என்று ஒதுக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். அவசரப்பட்டு வாங்கியதால் பணத்தையும், ஆராயாமல் ஒதுக்கியதால் பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் இழந்திருக்கிறேன். அந்த இரண்டாவது இழப்பைப் பின்னர் சொல்கிறேன். ஆர்வமும் ஐயமும் ஒன்றையொன்று அடக்க வேண்டிய குணங்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டுமே நமக்கு உதவும் என்பதே இந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே விளக்குகிறேன்.

வகையையும் மாதிரியையும் பிரித்துப் பாருங்கள்

முதல் வேலை, அறிவிக்கப்பட்ட பொருளை இரண்டாகப் பிரிப்பது. ஒன்று, அந்தக் கருவி எந்த வகையைச் சேர்ந்தது, அந்த வகை மனிதர்களுக்கு எதைச் செய்து தர முயல்கிறது என்பது. மற்றொன்று, இந்த ஆண்டு, இந்த நிறுவனம், இந்தப் பெட்டியில் வைத்து விற்கும் குறிப்பிட்ட மாதிரி. ஆர்வத்தை வகையின்மீது வையுங்கள். ஐயத்தை மாதிரியின்மீது வையுங்கள். நம்முடைய தவறான தீர்ப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

1993-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட நியூட்டன் என்ற கையடக்கக் கருவி இதற்கு நல்ல சான்று. எழுதுகோலால் திரையில் எழுதினால் அது நம் கையெழுத்தைப் படித்துக்கொள்ளும் என்றார்கள். தொடக்க மாதிரிகள் எழுத்தைத் தவறாகப் படித்துப் பலரின் ஏளனத்துக்கு ஆளாயின. 1998-இல் அந்த வரிசையே கைவிடப்பட்டது. ஆனால் இடையில், 1996-இல், பாம் பைலட் என்ற இன்னொரு கையடக்கக் கருவி வந்தது. அது மனிதரின் கையெழுத்தைப் புரிந்துகொள்ள முயலவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் எளிமையான ஒரு கோட்டு வடிவத்தை வகுத்து, அதைப் பயன்படுத்துபவரே கற்றுக்கொள்ளும்படி கேட்டது. நினைவகமும் கணக்கிடும் ஆற்றலும் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் அது சரியான முடிவு. மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். சட்டைப்பையில் அடங்கும் கணினி என்ற வகை சரியானது, அதன் முதல் மாதிரிதான் காலத்தை முந்திக்கொண்டு வந்தது என்று 1993-இலேயே பிரித்துப் பார்த்தவர், கருவியை வாங்காமலேயே அந்தத் துறையைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பார்.

எதிர்ப்புறச் சான்றும் உண்டு. 2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் வெளியானபோது அதன் 5.3 அங்குலத் திரை ஒரு தொலைபேசிக்கு மிகவும் பெரிது என்று பலர் எழுதினார்கள். காதருகே வைத்துப் பேசுகையில் விகாரமாகத் தெரியும் என்பதே பலரின் குறையாக இருந்தது. இன்று 6 அங்குலத்துக்கும் குறைவான திரையுள்ள ஸ்மார்ட்போனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொலைபேசி என்பது பேசுவதற்கான கருவி என்ற பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு, படிப்பதற்கும் பார்ப்பதற்கும் உரிய ஒரு புதிய வகையை அவர்கள் அளந்தார்கள்.

ஆகவே அறிவிப்பு வந்த அன்று ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதுங்கள். முதல் வாக்கியம், இந்த வகைக் கருவி என் வாழ்வில் அல்லது என்னைச் சுற்றியுள்ள ஒருவரின் வாழ்வில் எதை எளிதாக்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம், இந்த மாதிரி அதை இன்று செய்யும் என்று நம்ப எனக்கு என்ன சான்று இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான நாட்களில் இரண்டாவது வாக்கியத்தின் இடம் காலியாகத்தான் இருக்கும். அதைக் காலியாகவே விட்டுவிடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

அறிவிப்பைக் காலம் பிரித்துப் படியுங்கள்

அறிமுக நிகழ்ச்சியில் சொல்லப்படும் எல்லாமே நிகழ்காலத்தில் சொல்லப்படுவதுபோல் காதில் விழும். ஆனால் அவற்றில் மூன்று வகைக் கூற்றுகள் கலந்திருக்கின்றன: பெட்டியைத் திறந்த அன்றே வேலை செய்பவை, பின்னர் மென்பொருள் புதுப்பிப்பில் வரும் என்று வாக்களிக்கப்பட்டவை, மேடையிலோ விளம்பரப் படத்திலோ மட்டும் காட்டப்பட்டவை. ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, நிறுவனத்தின் அறிவிப்பை நிதானமாகப் படித்து, ஒவ்வோர் அம்சத்தையும் உரிய பத்தியில் எழுதுங்கள். அடிக்குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். எப்போது, எந்த மொழிகளில், எந்த நாடுகளில், எந்தக் கட்டணச் சேவையுடன் என்ற நிபந்தனைகள் எல்லாம் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும். எழுதி முடித்த பின்னர், முதல் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்துவிடுங்கள். முதல் பத்தியில் உள்ளவற்றுக்காக மட்டும் இந்த விலையைக் கொடுப்பேனா என்று கேட்டுப் பாருங்கள்.

இது நிறுவனங்கள்மீது கொண்ட வெறுப்பால் சொல்வதன்று. நல்ல எண்ணத்துடன் தரப்படும் வாக்குறுதியும் தவறிப்போகிறது. 2017 செப்டம்பரில் ஆப்பிள் மேடையில் காட்டிய ஏர்பவர் என்ற கம்பியில்லா மின்னேற்றிப் பலகை, தன் தரத்துக்கு எட்டவில்லை என்று அந்த நிறுவனமே சொல்லி 2019 மார்ச்சில் கைவிட்டதால், கடைக்கு வரவே இல்லை. நானும் ஒருமுறை ஒரு கைக்கடிகாரத்தை முன்பதிவு செய்து வாங்கினேன். உறக்கத்தை அளக்கும் வசதி அடுத்த புதுப்பிப்பில் வரும் என்று அதன் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். நான் வாங்கியதே அந்த ஒரு வசதிக்காகத்தான். அந்தப் புதுப்பிப்பு வருவதற்குள் அடுத்த மாதிரி வந்துவிட்டது. வசதியும் அடுத்த மாதிரிக்கே போய்ச் சேர்ந்தது. அதன்பின் வாக்குறுதிக்கு நான் விலை கொடுப்பதில்லை.

வாக்குறுதிகள் நிறைவேறும்போதும் காலம் பிடிக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2007-இல் வந்த முதல் ஐபோனில் பிறர் எழுதிய செயலிகளை நிறுவ வழியில்லை. செயலிக் கடை 2008 ஜூலையில்தான் திறந்தது. எழுத்தை நகலெடுத்து ஒட்டும் எளிய வசதிகூட 2009-இல்தான் வந்தது. முதல் ஆண்டில் அதை வாங்கியவர் பெற்றவை விரலால் இயக்கும் திரையும் கையில் அடங்கிய ஒரு முழுமையான உலாவியும்தாம். அவை போதும் என்று நினைத்து வாங்கியவருக்கு அது நல்ல கொள்முதல்; மற்றவற்றையும் எதிர்பார்த்து வாங்கியவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

மூன்றாவது பத்தி, அதாவது காட்டப்பட்டவை மட்டும், கூடுதல் கவனம் கோருகிறது. 2012 செப்டம்பரில் நோக்கியா லூமியா 920-இன் நடுக்கம் நீக்கும் கேமராவை விளக்க ஒரு விளம்பரப் படம் வெளியிடப்பட்டது. அந்தப் படத்தில் வந்த ஒரு கண்ணாடிச் சன்னலின் பிரதிபலிப்பில் பெரிய ஒளிப்பதிவுக் கருவியுடன் ஒரு குழு தெரிந்ததைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். காட்சி அந்தத் தொலைபேசியால் எடுக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எனக்கு இதில் வருத்தம் தருவது என்னவென்றால், தொலைபேசி உண்மையிலேயே வெளியானபோது அதன் நடுக்கம் நீக்கும் வசதி நன்றாகவே வேலை செய்தது. உண்மையைக் காட்டியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். வகை சரியாக இருக்கும்போதுகூட விளம்பரம் அதற்குச் சான்றாகாது.

எண்களைப் படிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “வரை” என்ற சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நிறுத்தி, எந்த நிலையில் அந்த எண் கிடைக்கும் என்று பாருங்கள். 20 மணி நேரம் வரை என்றால், குறிப்பிட்ட ஒளி அளவில், குறிப்பிட்ட ஒரு வேலையை மட்டும் செய்தால் என்று பொருள். திரையின் உச்ச ஒளி என்பது பெரும்பாலும் திரையின் சிறு பகுதியில் சிறிது நேரத்துக்குக் கிடைக்கும் அளவு. முழுத் திரையும் நாள் முழுவதும் அப்படி ஒளிராது. ஐ.பி. 67 என்ற நீர்த்தடைக் குறியீடு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்து பார்த்த சோதனையைக் குறிக்கிறது. ஐ.பி. 68 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. ஆனால் எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதைத் தயாரிப்பாளரே வகுத்துக்கொள்கிறார், ஆகவே இரண்டு கருவிகளின் ஐ.பி. 68 ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சோதனை நல்ல நீரில் நடக்கிறது. கடல்நீருக்கும் சோப்பு நீருக்கும் அது பொருந்தாது. நாளாக ஆக நீரைத் தடுக்கும் பசையும் தளர்ந்துவிடும். நீரால் ஏற்பட்ட சேதத்தை உத்தரவாதம் ஏற்குமா என்பதைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

விமர்சனங்களைத் தேதி பார்த்துப் படியுங்கள்

ஒரு விமர்சனத்தைப் படிக்கும் முன் அதன் தேதியையும், எழுதியவர் எத்தனை நாள் பயன்படுத்தினார் என்பதையும் பாருங்கள். வெளியீட்டு நாளில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் நிறுவனம் இரவலாகத் தந்த கருவியை ஒரு வாரம் அளவில் பயன்படுத்தி எழுதப்படுபவை. திரை எப்படி இருக்கிறது, ஒலி எப்படி இருக்கிறது, கையில் கனக்கிறதா, படங்கள் தெளிவாக வருகின்றனவா என்பவற்றுக்கு ஒரு வாரம் தாராளமாகப் போதும். பேட்டரி எப்படித் தேயும், மடக்குக் கீல் எத்தனை மாதம் தாங்கும், ஒட்டிய பாகங்கள் விலகுமா, நிறுவனம் பிழைகளைச் சரிசெய்யுமா என்பவற்றுக்கு ஒரு வாரத்தில் யாராலும் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு நேர்மையான விமர்சகராக இருந்தாலும் இந்த எல்லை மாறாது.

2016 ஆகஸ்டில் வெளியான கேலக்ஸி நோட் 7 முதல் வார விமர்சனங்களில் பெரும் பாராட்டைப் பெற்றது. செப்டம்பர் தொடக்கத்தில், பேட்டரி தீப்பிடித்த நிகழ்வுகளால் சுமார் 25 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக சாம்சங் அறிவித்தது. மாற்றாகத் தரப்பட்டவையும் தீப்பிடித்தபோது, அக்டோபரில் தயாரிப்பே நிறுத்தப்பட்டது. இரண்டு வேறு வழங்குநர்களின் பேட்டரிகளில் இரண்டு வேறு குறைகள் இருந்தன என்று 2017 ஜனவரியில் விளக்கினார்கள். பாராட்டிய விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த கருவி பாராட்டுக்கு உரியதாகவே இருந்தது. ஆயிரக்கணக்கில் ஒன்றில் நிகழும் குறை, லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய பின்னரே கண்ணில் படும்.

சில சமயம் முதல் விமர்சனங்களே பெரிய உதவி செய்துவிடுகின்றன. 2019 ஏப்ரலில் மடங்கும் திரையுடைய கேலக்ஸி ஃபோல்டு சில விமர்சகர்களின் கையிலேயே ஓரிரு நாட்களில் பழுதானது. சிலர் திரையின் மேலிருந்த படலத்தைப் பாதுகாப்பு உறை என்று எண்ணி உரித்துவிட்டார்கள். வேறு சிலருக்கு அப்படி எதுவும் செய்யாமலேயே திரை கெட்டது. வெளியீடு தள்ளிவைக்கப்பட்டு, திருத்தப்பட்ட கருவி செப்டம்பரில் வந்தது. மறுமுனையில், 2005 நவம்பரில் வெளியான எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்து கருவி செயலிழக்கும் பழுது பரவலானதால் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டித்தது 2007 ஜூலையில். குறை வெளிப்படையாக ஏற்கப்பட ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரம் தந்தவர்களுடையவை. ஐந்து தந்தவர் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த மகிழ்ச்சியில் எழுதுகிறார். ஒன்று தந்தவர் பெரும்பாலும் அனுப்புதலில் நேர்ந்த தாமதத்தைப் பற்றி எழுதுகிறார். மூன்று தந்தவர் கருவியைப் பயன்படுத்தி, எதைப் பிடித்தது, எதைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று எடைபோட்டிருப்பார். அவற்றில் ஒரே குறை, ஒரே பாகத்தில், ஒருவரையொருவர் அறியாத பலரால் சொல்லப்படுகிறதா என்று தேடுங்கள். இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தான் எடுத்த முடிவுக்கு முரணான உண்மையை மனம் ஏற்கத் தயங்கும் என்று 1957-இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் விளக்கினார். பெருந்தொகை கொடுத்தவர் தன் தேர்வை நியாயப்படுத்தவே எழுதக்கூடும். அடுத்து, இணைப்பைச் சொடுக்கி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு கிடைக்கும் என்றால், அந்த எழுத்தைக் குறைகளுக்காகப் படியுங்கள். பாராட்டுகளைத் தாண்டிச் செல்லுங்கள்.

ஐயத்துக்கும் தேர்வு வையுங்கள்

ஐயம் கொள்பவர்தான் அறிவாளி என்று எண்ணுவது எளிது. ஐயத்துக்கு விலை இல்லை என்பதாலேயே அந்த எண்ணம் நீடிக்கிறது; வாங்காத பொருளின் இழப்பு எந்த ரசீதிலும் வராது.

முன்னர் சொன்ன இழப்பு இதுதான். 2007 இறுதியில் அமேசானின் கிண்டில் வந்தபோதும், அதன்பின் மற்ற மின்படிப்பான்கள் வந்தபோதும், திரையில் யார் புத்தகம் படிப்பார்கள், காகிதத்தின் வாசம் இதில் வருமா என்று நான் எல்லோரிடமும் பேசித் திரிந்தேன். அந்தக் கருவியை ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டுகளில் என் அம்மாவின் கண்பார்வை குறைந்துகொண்டே வந்தது. வாழ்நாள் முழுவதும் படித்தவர், அச்செழுத்து தெரியாமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், காகிதம்போல் தோன்றும் மின்மைத் (இ-இங்க்) திரை கண்ணைக் கூசச் செய்யாது என்பவை எனக்குத் தெரியவந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து, ஒரு நண்பரின் வீட்டில் தற்செயலாக அதைப் பார்த்தபோதுதான். மறுவாரமே அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எழுத்தை மிகப் பெரிய அளவில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு இருபது சொற்களாக, அவர் மறுபடி படிக்கத் தொடங்கினார். போன ஐந்து ஆண்டுகளை நான் எங்கே வாங்குவது?

அதனால் ஒரு கருவியை ஒதுக்குவதாக முடிவு செய்தால், அதற்கும் காரணத்தை எழுதி வையுங்கள் என்கிறேன். “இது இல்லாமலேயே இதுவரை வாழ்ந்தோமே” என்பது காரணமாகாது. அது எந்தக் கருவிக்கும் பொருந்தும். “பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை என்கிறார்கள்”, “என் மொழியில் பேசினால் அதற்குப் புரியாது”, “படங்களை வேறிடத்துக்கு மாற்ற வழியில்லை” என்பவை காரணங்கள், ஏனென்றால் அவை நாளை மாறலாம், மாறினால் நமக்குத் தெரியும். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, எது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று ஒரு வரி எழுதி, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து ஒரு தேதியைக் குறித்து, அன்று திறந்து பாருங்கள். புதிய தொழில்நுட்பத்தின் விளைவைக் குறுகிய காலத்தில் மிகையாகவும், நீண்ட காலத்தில் குறைவாகவும் மதிப்பிடுகிறோம் என்ற, எதிர்கால ஆய்வாளர் ராய் அமாராவின் கூற்று புகழ்பெற்றது. மறுபரிசீலனைத் தேதி குறிப்பது அந்த இரண்டாவது பிழைக்கான மருந்து.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்குப் பயன்படாது என்பதற்கும் யாருக்கும் பயன்படாது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கவனித்தேனா? 2016-இல் ஏர்பாட்ஸ் என்ற கம்பியில்லாத காதொலிப்பான்கள் அறிமுகமானபோது அவற்றின் தோற்றத்தையும் தொலைந்துபோகும் அபாயத்தையும் பலர் கேலி செய்தார்கள். 2024 செப்டம்பரில், அதே வரிசையின் ஏர்பாட்ஸ் புரோ இரண்டாம் தலைமுறையை, லேசானது முதல் மிதமானது வரையிலான செவித்திறன் குறைவுள்ள பெரியவர்களுக்குக் கேட்புக் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. கைகள் நடுங்குபவருக்குக் குரலால் விளக்கணைக்கும் கருவி ஆடம்பரம் ஆகாது.

நிறுவனம் மறைந்தால் மிஞ்சுவது என்ன

முன்பு கருவி பழுதானால்தான் பயன் நின்றது. இப்போது, பழுதே இல்லாத கருவியும் ஒரு நாள் நின்றுபோகலாம், ஏனென்றால் அதன் மூளை வேறெங்கோ உள்ள சர்வரில் இருக்கிறது. வீட்டு விளக்குகளையும் பூட்டுகளையும் இணைக்கும் ரிவால்வ் என்ற கருவியைத் தயாரித்த நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வர் நிறுத்தப்பட்டதும், வாங்கியவர்களின் வீட்டிலிருந்த கருவி பயனற்றுப்போனது. 2024 ஏப்ரலில் வெளியான, சட்டையில் பொருத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி, 2025 பிப்ரவரி 28 அன்று சர்வர் நிறுத்தப்பட்டபோது ஓராண்டைக்கூட நிறைவு செய்திருக்கவில்லை.

பெப்பிள் கைக்கடிகாரத்தின் கதை வேறு. 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடமிருந்து 1 கோடி டாலருக்கு மேல் திரட்டிப் புறப்பட்ட அந்த நிறுவனம் 2016 இறுதியில் மூடப்பட்டது. அதன் இணையச் சேவைகள் 2018 ஜூனில் நின்றன. ஆனால் கடிகாரம் நேரம் காட்டுவதற்கும் தொலைபேசியின் அறிவிப்புகளைக் காட்டுவதற்கும் அந்தச் சேவைகளை நம்பியிருக்கவில்லை. மற்ற வசதிகளை ரெபிள் என்ற ஆர்வலர் குழு மீட்டெடுத்தது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை வாங்கும் முன்பே ஓரளவு அறிய முடியும், அதற்கான கேள்விகள் சிலவே. இணையத்தைத் துண்டித்தால் கருவி எதைச் செய்யும்? கணக்கு தொடங்காமல் இயக்க முடியுமா? மாதக் கட்டணத்தை நிறுத்தினால் எந்த வசதி போகும்? என் பதிவுகளை வேறு கருவி படிக்கும் வடிவத்தில் வெளியே எடுக்கலாமா? யூ.எஸ்.பி. சி போன்ற பொதுக் கம்பியில் மின்னேறுமா, அல்லது இதற்கென்றே ஒரு கம்பி வேண்டுமா? பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை வரும் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு இப்போது நல்ல விடைகள் கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ் 24-க்கும் 7 ஆண்டுகள் என்று சொல்லப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒரு ஸ்மார்ட்போன் மாதிரியின் விற்பனை முடிந்த பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும்; பேட்டரி 800 முறை முழுமையாக ஏற்றி இறக்கிய பின்னரும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டையாவது தாங்க வேண்டும். வேறு எங்கு வாங்கினாலும் இந்த எண்களை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு கேட்கலாம். பேட்டரியை மாற்ற எவ்வளவு ஆகும், யார் மாற்றுவார்கள் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். சிறு காதொலிப்பான்களில் பேட்டரியைப் பெரும்பாலும் மாற்றவே முடியாது. அவற்றைச் சில ஆண்டு ஆயுள் உள்ள பொருளாகவே கணக்கிடுங்கள்.

எப்போது வாங்குவது

சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் வகுத்த பிரிவில், ஒரு புதுமையை முதலில் ஏற்பவர்கள் 2.5 விழுக்காடு, அவர்களை அடுத்து வருபவர்கள் 13.5 விழுக்காடு. அந்த முதல் சிலர் இல்லாமல் எந்தக் கருவியும் திருந்தாது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவராக இருக்க நான்கு நிலைகள் கூடிவர வேண்டும்: உங்கள் தாளின் முதல் பத்தியில் உள்ளவை, அதாவது பெட்டியைத் திறந்த அன்றே வேலை செய்பவை மட்டுமே ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும் ஒரு தேவையை நிறைவேற்ற வேண்டும், திருப்பிக் கொடுக்க வழி இருக்க வேண்டும், பழைய கருவி இன்னும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், முழுத் தொகையும் வீணானாலும் குடும்பத்தின் வேறு தேவை தடைபடக் கூடாது. நான்கில் ஒன்று குறைந்தாலும் மூன்று மாதம் பொறுங்கள். அதற்குள் முதல் சில மென்பொருள் புதுப்பிப்புகள் வந்துவிடும். பரவலான குறைகள் வெளியே தெரிந்துவிடும். முற்றிலும் புதிய வகைக் கருவியாக இருந்தால் இரண்டாம் தலைமுறைவரை பொறுப்பதே நல்லது. நன்கு பழகிய வகையின் இன்னொரு பதிப்பு என்றால் இவ்வளவு காத்திருப்பு தேவையில்லை.

முன்பதிவை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது சான்று வரும் முன்பே முடிவெடுக்க வைக்கிறது. உறை, கம்பி, கூடுதல் சேமிப்பிடம், மாதக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுக்கான மொத்தத் தொகையைக் கணக்கிட்டுவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

வாங்கிய பின்

பெட்டியைத் திறக்கும் முன்பே, எந்த நிலையில் இதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று எழுதி வையுங்கள். கைக்கு வந்துவிட்ட பொருளுக்கு மனம் கூடுதல் மதிப்புத் தரும். கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குவளையைப் பரிசாகப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, அதே குவளையை வாங்க மற்றவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. நம் கையில் இருக்கும் கருவியின் குறைகளையும் நாம் அப்படித்தான் சிறிதாக்கிப் பார்ப்போம்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கருவியை உண்மையான வேலைக்கு உட்படுத்துங்கள். திரையில் ஒரே நிறப் பக்கங்களை வரிசையாக நிரப்பி ஒளிராத, இறந்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னேற்றும்போதும் நீண்ட அழைப்பின்போதும் எவ்வளவு சூடாகிறது என்று தொட்டுப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் அறைகளில் வைஃபை நிற்கிறதா, வழக்கமான ஒரு நாளை பேட்டரி தாங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேவைக்காக வாங்கினீர்களோ அந்தத் தேவைக்கு நாள்தோறும் பயன்படுத்துங்கள். அந்தக் காலம் முடியும்வரை பழைய கருவியை விற்காதீர்கள், பெட்டியையும் எறியாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து, காத்திருப்பவர்களுக்காக ஒரு விமர்சனம் எழுதுங்கள். முதல் வாரக் கருத்துகள் குவிந்து கிடக்கின்றன; ஆறாம் மாதக் கருத்துகள் அரிதாகவே கிடைக்கின்றன. கருவியின் மாதிரி எண், இப்போதுள்ள மென்பொருள் பதிப்பு, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறீர்கள், பேட்டரி அன்று எவ்வளவு தாங்கியது, இன்று எவ்வளவு தாங்குகிறது, எது பழுதானது, அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது, வாக்களிக்கப்பட்டவற்றில் எவை வந்தன, முதல் மாதம் ஆசையாகப் பயன்படுத்திய எந்த வசதியை இப்போது தொடுவதே இல்லை என்பவற்றை எழுதுங்கள். மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதிய அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால், இரண்டாவது பத்தியில் நிறைவேறியவற்றுக்கு நேராகத் தேதியைக் குறித்து அதையும் சேர்த்து வெளியிடுங்கள்.